பக்கம் எந்தப் பக்கம்? இரண்டு சாக்கெட் சர்வரில் நினைவகத்தை எங்கே வைப்பது

சர்வரில் மொத்தம் 512 ஜிபி நினைவகம். அதில் 200 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது. ஆனால் டேட்டாபேஸ் ஸ்வாப்பில், அதாவது நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடத்தில், மாட்டிக்கொண்டு திணறுகிறது. சில வருடங்களுக்கு முன் என் பொறுப்பில் இருந்த ஒரு மெஷினில் நடந்தது இது. டிஸ்க் பழுது என்றார் ஒருவர், மெமரி லீக் என்றார் இன்னொருவர். நானும் ஒரு நாள் முழுக்க லீக்கைத்தான் தேடினேன். கடைசியில் சர்வீஸ் ஃபைலைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு செயலிச் சாக்கெட் உள்ள மெஷின் அது, ஒரு சாக்கெட்டும் அதன் பங்கு நினைவகமும் ஒரு நோடு. யாரோ நல்ல எண்ணத்தில் டேட்டாபேஸை முதல் நோடோடு கட்டிப்போட்டிருந்தார்கள். அந்த நோடில் இருப்பது 256 ஜிபி. டேட்டாபேஸ் தன் தரவை நினைவகத்தில் எடுத்துவைக்கும் பஃபர் பூல் மட்டுமே 230 ஜிபி. அதற்கு மேல் ஒவ்வொரு இணைப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் கேட்கும். பக்கத்து நோடில் இடம் கொட்டிக் கிடந்தாலும் அங்கே போகக் கூடாது என்பது உத்தரவு. இயங்குதளத்தின் மையமான கெர்னல் உத்தரவை மதித்து ஸ்வாப்புக்குப் போய்விட்டது.

அதன் பிறகு இந்த மாதிரி மெஷினுக்கு எந்த நினைவகப் பாலிசி நல்லது என்று யாராவது கேட்டால், எது வேகம் என்பதை நான் முதலில் சொல்வதில்லை. இந்தப் பக்கத்தைத் தொடப்போவது யார், ஒருவரா ஊர் முழுக்கவா என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். பக்கம் என்று இங்கே சொல்வது நினைவகத்தின் 4 கேபி துண்டை. அது எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் பேசப்போகும் விஷயம்.

ஒரு காலத்தில் சாதாரண சர்வர்களில் எல்லாச் செயலிகளும் ஒரே பொதுப் பாதை வழியாக ஒரே நினைவகத்தை அடைந்தன. 2003ல் ஏஎம்டியின் ஆப்டெரான், நினைவகக் கன்ட்ரோலரைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்தது. 2008ல் நெஹேலம் வடிவமைப்போடு இன்டெலும் அதே வழிக்கு வந்தது. அப்புறம் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் சொந்த நினைவகம், நடுவில் ஒரு பாலம் என்று ஆகிவிட்டது. எந்த நினைவகத்தையும் எந்தச் செயலியும் படிக்கலாம், எழுதலாம். ஆனால் பாலம் தாண்டினால் நேரம் கூடும். இதைத்தான் நியூமா என்கிறோம். ஒரு சாக்கெட்டும் அதன் நினைவகமும் சேர்ந்தால் பெரும்பாலும் ஒரு நோடு. பெரிய மெஷின்களுக்கு இது புதிதில்லை, எஸ்ஜிஐயின் ஆரிஜின் 2000 இதே ஏற்பாட்டோடு 1996லேயே வந்துவிட்டது.

லினக்ஸில் நியூமாசிடிஎல் கருவியிடம் ஹார்ட்வேர் விவரம் கேட்டால் ஒரு சின்ன அட்டவணை வரும். தன் நோடுக்குத் தூரம் 10, அடுத்த நோடுக்குப் பெரும்பாலும் 20 அல்லது 21. இதைப் பார்த்துவிட்டுப் பாலம் தாண்டினால் இரண்டு மடங்கு தாமதம் என்று நம்பிவிட வேண்டாம். அது ஃபர்ம்வேர் எழுதிவைத்த எண், அளந்து போட்டதல்ல. நிஜமாக அளந்தால் இன்றைய இரண்டு சாக்கெட் மெஷின்களில் ஒன்றரை மடங்குக்கு அக்கம்பக்கமாகத்தான் வரும். கணக்குக்கு வசதியாக உள்ளே 90 நானோ செகண்டு, வெளியே 140 என்று வைத்துக்கொள்வோம்.

தூரம் ஒரு செலவு என்றால் நெரிசல் இன்னொரு செலவு. எல்லாப் பக்கங்களும் ஒரே நோடில் குவிந்துவிட்டால், இரண்டு சாக்கெட்டின் கோர்களும் ஒரே கன்ட்ரோலர் வாசலில் வரிசையில் நிற்கும். காசு கொடுத்து வாங்கிய மெமரி சேனல்களில் பாதி வெறுமனே இருக்கும். வரிசை நீண்டால் தாமதம் 140ஐத் தாண்டி எங்கேயோ போய்விடும். 2013ல் வெளியான கேரஃபூர் என்ற ஆய்வு அழுத்திச் சொன்னது இதைத்தான். தூரத்தைவிட நெரிசல்தான் பெரிய எதிரி. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு நாற்சந்தி என்று பொருள், பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டு செலவுகளையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும். தூரத்தை மட்டும் பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் கட்டிப்போடக் கிளம்பிவிடுகிறார்கள்.

முதல் வழி, எதையும் தொடாமல் கெர்னலிடம் விட்டுவிடுவது. லினக்ஸின் வழக்கம், பக்கத்தை முதலில் தொடுபவன் எந்த நோடில் ஓடுகிறானோ அந்த நோடில் இடம் கொடுப்பது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. புரோகிராம் நினைவகம் கேட்கும் மேலாக் ஃபங்ஷனில் 10 ஜிபி கேட்டீர்கள் என்றால் கையில் கிடைப்பது டிக்கெட் மட்டுமே, சீட் இன்னும் முடிவாகவில்லை. முதல் முறை எழுதும்போது, இந்தப் பக்கத்துக்கு இன்னும் இடமில்லை என்று கெர்னலுக்குச் சொல்லும் பேஜ் ஃபால்ட் வருகிறது, அப்போதுதான் துண்டு விழுகிறது. எழுதும்போது என்று சொன்னதைக் கவனியுங்கள். புதுப் பக்கத்தை வெறுமனே படித்தால், எல்லாருக்கும் பொதுவான ஒரு பூஜ்யப் பக்கத்தைக் காட்டிவிட்டுக் கெர்னல் நகர்ந்துவிடும்.

பெரும்பாலான புரோகிராம்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு த்ரெட் தனக்கு வேண்டியதைத் தானே வாங்கித் தானே எழுதித் தானே படித்தால், எல்லாமே பக்கத்திலேயே இருக்கும். சிக்கல் வருவது ஒருவரே மொத்தக் குடும்பத்துக்கும் துண்டு போடும்போது. அறிவியல் கணக்குப் புரோகிராம்களில் இது சகஜம். மெயின் த்ரெட் ஒரு பெரிய அரேயை எடுத்து முழுக்கப் பூஜ்யம் நிரப்பும். பிறகு 64 த்ரெட்கள் அதைப் பங்குபோட்டுக் கணக்குப் போடும். பூஜ்யம் நிரப்பியவர் முதல் நோடில் இருந்தார், ஆகவே அரே முழுக்க முதல் நோடில். மற்ற சாக்கெட்டில் இருக்கும் 32 த்ரெட்களும் ஒவ்வொரு முறையும் பாலம் தாண்டி வந்து அதே வாசலில் நிற்கும். தூரம், நெரிசல் இரண்டு செலவும் ஒன்றாக.

இதற்கு மருந்து எளிது. கணக்குப் போடப்போகும் த்ரெட்களே அதே பங்கீட்டில் பூஜ்யமும் நிரப்பட்டும். நினைவக வேகத்தை அளக்க எல்லாரும் ஓட்டும் ஸ்ட்ரீம் சோதனையும் அரேக்களை இப்படிப் பங்குபோட்டுத்தான் தயார் செய்கிறது. சி++ எழுதுபவர்கள் இங்கே கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். அளவு கொடுத்து வெக்டர் ஒன்றை உருவாக்கினால், அதை உருவாக்கிய த்ரெட்டே மொத்தத்தையும் எழுதித் தொட்டுவிடும். சி மொழியின் கேலாக் அப்படியில்லை. பெரிய அளவு கேட்டால் அது பெரும்பாலும் கெர்னலிடமிருந்து புதுப் பக்கங்களை வாங்கித் தொடாமலே கொடுத்துவிடும், ஏனென்றால் புதுப் பக்கம் எப்படியும் பூஜ்யமாகத்தான் வரும். பார்வைக்கு ஒரே வேலை, விளைவில் ஏகப்பட்ட வித்தியாசம்.

இந்த வழிக்கு இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. விடுவித்த நினைவகத்தை மேலாக் உடனே கெர்னலிடம் திருப்பிக் கொடுப்பதில்லை, வைத்திருந்து அடுத்தவருக்குக் கொடுக்கும். அடுத்தவர் வேறு நோடில் இருந்தாலும் பக்கம் பழைய இடத்திலேயே இருக்கும். துண்டு ஒருமுறைதான் விழும். இன்னொன்று, ஷெட்யூலர் ஒரு த்ரெட்டைச் சாக்கெட் மாற்றிவிட்டால் நினைவகம் கூடவே போகாது. ராத்திரி பேக்கப் ஓடுகிற மெஷின்களில் மூன்றாவதாக ஒரு தொல்லை பார்த்திருக்கிறேன். பேக்கப் படிக்கும் ஃபைல்களைக் கெர்னல் நினைவகத்தில் எடுத்துவைக்கும் நகல், அதாவது ஃபைல் கேஷ், அந்த ப்ராசஸ் ஓடிய நோடிலேயே குவியும். காலையில் பார்த்தால் ஒரு நோடு நிரம்பி வழியும், மற்றது காலியாக இருக்கும்.

பழைய கெர்னல்களில் இதோடு இன்னொரு வினையும் சேர்ந்துகொள்ளும். நோடுகளின் தூரம் ஓர் அளவைத் தாண்டியிருந்தால் ஜோன் ரீக்ளெய்ம் தானாகவே இயங்கும். பக்கத்து நோடில் இடம் இருக்கும்போதே தன் நோடின் ஃபைல் கேஷைத் தூக்கி எறிந்து இடம் பண்ணும். எத்தனையோ டேட்டாபேஸ் அட்மின்களின் தூக்கத்தைக் கெடுத்த அமைப்பு. 2014ல் வந்த லினக்ஸ் 3.16 அதை இயல்பாக அணைத்துவைத்தது. பழைய கட்டுரைகளைப் பார்த்து அதை மறுபடி இயக்கிவிடாதீர்கள்.

இரண்டாவது வழி இன்டர்லீவ். முதல் பக்கம் முதல் நோடில், அடுத்தது இரண்டாவதில், அதற்கடுத்தது மறுபடி முதலில் என்று சீட்டுப் போடுவது போல மாற்றி மாற்றிப் போடுவது. இதில் யாருக்கும் முழு லாபம் கிடையாது, யாருக்கும் முழு நஷ்டமும் கிடையாது. இரண்டு நோடு என்றால் பாதித் தொடுகை உள்ளே, பாதி வெளியே. நம் கணக்கில் சராசரி 115 நானோ செகண்டு. நெரிசலோ வெகுவாகக் குறையும், ஏனென்றால் இரண்டு கன்ட்ரோலரும் சமமாக வேலை செய்கின்றன.

டேட்டாபேஸுக்கு இது பொருந்துவதற்குக் காரணம், பஃபர் பூலுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. எந்த இணைப்பும் எந்த நேரத்திலும் எந்தப் பக்கத்தையும் கேட்கலாம். பக்கத்தில் வைக்க வேண்டும் என்றால் யாருக்குப் பக்கத்தில்? 2010ல் ஜெரமி கோல், மைஎஸ்க்யூஎல் சர்வர்கள் காலி நினைவகம் இருக்கும்போதே ஸ்வாப்புக்குப் போகும் விநோதத்தை ஆராய்ந்து எழுதினார். பெரிய பஃபர் பூல் ஒரு நோடை நிரப்பிவிட்டு மற்றதில் இடம் விட்டிருந்ததுதான் கோளாறு. எல்லா நோடுகளிலும் இன்டர்லீவ் போட்டு ஓட்டுங்கள் என்பது அவர் சொன்ன தீர்வின் மையம். பிறகு மைஎஸ்க்யூஎல் 5.7 காலத்தில் அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபிக்கு உள்ளேயே அதற்கொரு அமைப்பு வந்துவிட்டது. மாங்கோடிபியும் நியூமா மெஷினில் இன்டர்லீவ் போட்டு ஓட்டும்படிதான் தன் ஆவணத்தில் சொல்கிறது.

எனக்கு இன்னோடிபியின் வழி அதிகம் பிடிக்கும். ஒரு ப்ராசஸை நியூமாசிடிஎல் வழியாக இன்டர்லீவில் ஏற்றினால் அது தொடும் எல்லாமே சிதறும். ஒரு இணைப்பு தனக்கென எடுக்கும் சார்ட் பஃபர்கூட பாதி அங்கே பாதி இங்கே என்று போய்விடும், அதற்கு அவசியமே இல்லை. இன்னோடிபி பஃபர் பூலை எடுக்கும்போது மட்டும் இன்டர்லீவ் வைத்துவிட்டு, எடுத்து முடித்ததும் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. பொதுச் சொத்து பரவலாக, சொந்தச் சொத்து பக்கத்தில். சொலாரிஸ் 9 காலத்திலிருந்து அந்த இயங்குதளத்தின் இயல்பான போக்கே ஏறக்குறைய இப்படித்தான், பகிர்ந்த நினைவகத்தைச் சிதறவைக்கும், தனி நினைவகத்தைப் பக்கத்தில் வைக்கும். லினக்ஸ் அதைக் காப்பியடித்திருந்தால் என் போன்றவர்களுக்குப் பல ராத்திரிகள் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் நோடுகள் கூடக்கூட இன்டர்லீவ் விலை ஏறும். நான்கு நோடு என்றால் முக்கால் பங்கு வெளியே, எட்டு என்றால் எட்டில் ஏழு பங்கு வெளியே. எட்டு நோடு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். 2017ல் வந்த ஏஎம்டியின் முதல் தலைமுறை எபிக் செயலியில் ஒரு சாக்கெட்டுக்குள்ளேயே நான்கு நோடுகள், இரண்டு சாக்கெட் போட்டால் எட்டு ஆகிவிடும். 2019ன் அடுத்த தலைமுறை நினைவகக் கன்ட்ரோலர்களை ஒரே இடத்தில் வைக்கும் ஐஓ டை என்ற சில்லை நடுவில் வைத்து இதைச் சரிசெய்தது. சாக்கெட்டுக்கு ஒன்றா, இரண்டா, நான்கா என்று பயாஸில் தேர்ந்தெடுக்கலாம். பொதுவான டேட்டாபேஸ் வேலைக்கு நான் ஒன்றில்தான் விடுவேன்.

மூன்றாவது வழி, கட்டிப்போடுவது. இன்ன ப்ராசஸ் இன்ன நோடின் கோர்களில்தான் ஓடும், இன்ன நோடின் நினைவகத்தைத்தான் எடுக்கும். சரியாக அமைந்தால் இதை எதுவும் முந்த முடியாது, எல்லாத் தொடுகையும் 90ல் முடிந்துவிடும். தப்பாக அமைந்தால் என்ன ஆகும் என்பது இந்தக் கட்டுரையின் முதல் பத்தி. ஸ்வாப் இல்லாத மெஷின் என்றால் இன்னும் மோசம். பக்கத்து நோடில் நூறு ஜிபி காலியாக இருக்க, நினைவகம் தீரும்போது இறங்கும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் வந்து ப்ராசஸைக் கொன்றுவிட்டுப் போகும். லாகைப் பார்ப்பவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது.

ஆகவே வேலையை நோடுக்கு ஒன்றாக நிஜமாகவே வெட்ட முடியுமா என்பதுதான் இங்கே கேட்க வேண்டியது. ஒவ்வொன்றும் ஒரு நோடுக்குள் தாராளமாக அடங்கும் நான்கு விர்ச்சுவல் மெஷின்களா? நோடுக்கு இரண்டு என்று பிரித்துக் கட்டுங்கள். தங்களுக்குள் செய்தி அனுப்பி வேலை செய்யும் எம்பிஐ ப்ராசஸ்களா? ரொம்பச் சரி. 230 ஜிபி பஃபர் பூலை 256 ஜிபி நோடில் திணிப்பதா? வேண்டவே வேண்டாம். வெட்ட முடியாததைக் கட்டிப்போடுவது, ஒரு சாக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கிப் பூட்டி வைப்பதற்குச் சமம்.

கட்ட முடிவு செய்தால் கோரையும் நினைவகத்தையும் சேர்த்தே கட்டுங்கள். நினைவகத்தை மட்டும் கட்டிவிட்டு த்ரெட்டை ஊர்சுற்ற விட்ட அமைப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 4 கேபிக்குப் பதில் பெரிய பக்கங்களான ஹ்யூஜ் பேஜ் பயன்படுத்துபவர்களுக்குத் தனியாக ஒரு பொறி காத்திருக்கிறது. அவற்றை மொத்தமாக ஒதுக்கும்போது கெர்னல் இயல்பாக எல்லா நோடுகளுக்கும் பங்குபோட்டு வைக்கும். நீங்கள் ஒரே நோடில் கட்டிய ப்ராசஸுக்கு அதில் பாதிதான் கிடைக்கும். நோடுவாரியாக ஒதுக்கினால் பிரச்சினை இல்லை.

கட்டுவதற்கும் விடுவதற்கும் நடுவே பிரிஃபர்ட் என்று ஒன்று இருக்கிறது. முடிந்தவரை இந்த நோடு, இடமில்லை என்றால் வேறெங்காவது. மேலே சொன்ன என் மெஷினில் அந்த நல்ல மனசுக்காரர் இதைப் போட்டிருந்தால் கொஞ்சம் வேகம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஸ்வாப் வந்திருக்காது. முன்பு ஒரே ஒரு நோடைத்தான் இப்படி விருப்பமாகச் சொல்ல முடியும். லினக்ஸ் 5.15லிருந்து பல நோடுகளைச் சொல்லலாம். கட்டிப்போட வேண்டும் என்று கை அரிக்கும்போது முதலில் இதைப் போட்டுப் பாருங்கள்.

நான்காவது வழி, கெர்னலே பார்த்துச் சரிசெய்யட்டும் என்பது. லினக்ஸ் 3.8ல், 2013ல், மெல் கார்மனின் உழைப்பில் தானியங்கி நியூமா சமன்படுத்தல் உள்ளே வந்தது. சாமர்த்தியமான ஏற்பாடு. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் பக்கங்களில் ஒரு பகுதியை அவ்வப்போது எட்டாதபடி மறைத்துவைக்கும். அடுத்து யாராவது தொட்டால் ஃபால்ட் வரும், தொட்டவர் எந்த நோடு என்று தெரிந்துவிடும். ஒரே நோடிலிருந்து தொடர்ந்து தொடுகை வந்தால் பக்கத்தை அங்கே நகர்த்தும், இல்லாவிட்டால் நினைவகம் இருக்கும் நோடுக்கு த்ரெட்டையே நகர்த்திப் பார்க்கும். பல டிஸ்ட்ரோக்களில் இது ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும், உங்களுக்குத்தான் தெரியாது.

இதன் செலவு அந்த ஃபால்ட்கள். நீண்ட நேரம் ஓடி, தன் நினைவகத்தைத் தானே வைத்துக்கொள்ளும் வேலைகளுக்கு இது வரம். முன்கூட்டியே திட்டமிட முடியாத விர்ச்சுவல் மெஷின் கூட்டத்துக்கும் அப்படியே. பஃபர் பூல் மாதிரி எல்லாரும் தொடும் இடத்தில் அது எங்கே நகர்த்துவது என்று புரியாமல் ஃபால்ட்களை மட்டும் உண்டாக்கிக்கொண்டிருக்கும். பதில் நேரம் சீராக இருக்க வேண்டிய வேலையில் அந்தத் தடங்கல் கண்ணுக்குத் தெரியும். நீங்கள் வெளிப்படையாகப் பாலிசி கொடுத்த பகுதியை அது பொதுவாகத் தொடுவதில்லை, அந்த மட்டில் நல்லது. எல்லாவற்றையும் கையால் கட்டியாகிவிட்டது என்றால் இதை அணைத்துவிடுங்கள், செய்ய வேலையில்லாமல் சும்மா எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும்.

பயாஸில் நோடு இன்டர்லீவிங் என்று ஒன்று இருக்கும். அதை இயக்கினால் மெஷினில் ஒரே நோடுதான் இருப்பதாக இயங்குதளம் நினைத்துக்கொள்ளும், எல்லாருக்கும் எல்லாமும் சிதறிவிடும். மேலே சொன்ன எந்தத் தேர்வும் மிஞ்சாது. இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை.

மைஎஸ்க்யூஎல், ஜாவா என்று எதுவாக இருந்தாலும் அதற்குள்ளேயே நியூமா அமைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எது யாருடையது என்று கெர்னலைவிட அதற்குத்தான் நன்றாகத் தெரியும். பயன்படாத நினைவகத்தைத் திரும்பப் பெறும் ஜாவாவின் ஜி1 கலெக்டருக்கு ஜேடிகே 14லிருந்து இந்த அறிவு உண்டு, ஆனால் நீங்கள்தான் இயக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் 18, பகிர்ந்த நினைவகம் எந்த நோடில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும் வியூக்களைக் கொண்டுவந்திருக்கிறது.

எதை மாற்றினாலும் முன்னும் பின்னும் அளக்க வேண்டும். இங்கேதான் பலர் நோடுவாரி நினைவகக் கணக்கைக் காட்டும் நியூமாஸ்டாட் கருவியைத் தப்பாகப் படிக்கிறார்கள். அதில் வரும் ஹிட், மிஸ் எண்கள் பக்கம் ஒதுக்கியபோது எங்கே விழுந்தது என்பதன் கணக்கு. அதற்குப் பிறகு யார் எத்தனை முறை தொட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. ஒருவரே எல்லாருக்கும் துண்டு போட்ட அந்த அரே விஷயத்தில் மிஸ் பூஜ்யமாகவே இருக்கும், ஏனென்றால் கேட்ட நோடிலேயே கிடைத்துவிட்டது. மெஷின் மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கும். நோடுவாரியாக ஒரு ப்ராசஸ் எவ்வளவு வைத்திருக்கிறது என்று பார்க்க அந்தக் கருவி அருமையானது. பாலத்தில் போகும் போக்குவரத்தை அறிய லினக்ஸின் பெர்ஃப் கருவி மூலம் செயலியின் கவுண்டர்களைத்தான் கேட்க வேண்டும்.

அந்த 512 ஜிபி மெஷினில் கடைசியில் சர்வீஸ் ஃபைலிலிருந்து ஒரு வரியை நீக்கினேன், டேட்டாபேஸின் அமைப்பில் இன்டர்லீவை இயக்கினேன். ராத்திரி பேக்கப் ஒரு நோடை அடைத்துக்கொண்டால் பஃபர் பூல் சமமாகப் பிரியாது என்பதால், சர்வீஸ் ஏறுவதற்கு முன் ஃபைல் கேஷைக் காலிசெய்யும் ஒரு வரியையும் சேர்த்தேன். மறுநாள் இரண்டு நோடிலும் ஏறக்குறைய 115 ஜிபி வீதம் பூல் உட்கார்ந்திருந்தது, ஸ்வாப் நகரவில்லை.